செராஸ் அரங்கத்துக்கு ஒரு பொன்னாடை

நம் நாட்டில் பொன்னாடை போர்த்தப்படாதவர் என்று இன்னும் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்பது சந்தேகம். கோயில் திருப்பணிக்குச் சிமெண்டு கொடுத்தவர், கொடுப்பதாகச் சொன்னவர், கொடுத்தவரின் மைத்துனர், மேடையில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்ததால் கூப்பிட்டு உட்கார வைக்கப்பட்டவர் என்று எல்லாருக்கும் ஆயிற்று. செராஸ், பண்டார் துன் ரசாக்கில், யாக்கோப் லத்தீப் சாலைப் பக்கம் அடக்கமே வடிவாக நிற்கும் கோலாலம்பூர் காற்பந்து அரங்கத்தைப் பாராட்ட மட்டும் இதுவரை ஒருவரும் மைக்கைப் பிடித்ததாகத் தெரியவில்லை. சாலைக்குப் பெயர் கொடுத்தவர் 1970களில் நம் டத்தோ பண்டாராக இருந்தவர். அரங்கத்தைப் புகழ ஒரு சாமானியனாவது வேண்டாமா? இதோ, வந்துவிட்டேன்.

முதலில் அதன் பெருந்தன்மையைச் சொல்ல வேண்டும். 18,000 பேர் உட்காரலாம். லண்டனில் ஆட்டம் பார்க்கப் போகிறவன் முழங்காலை மடக்கிக்கொண்டு, முன்னால் இருப்பவன் பிடரியைப் பார்த்தபடி, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு மாதச் செலவைக் கொடுத்துவிட்டு வருகிறான். செராஸில் ஒரு சீட்டு வாங்கினால் பல நாளில் ஒரு வரிசையே நமக்கு. பையை ஒரு நாற்காலியில் வைக்கலாம், குடையை இன்னொன்றில், கோபத்தை மூன்றாவதில். இன்னொரு வசதியும் உண்டு. பெரிய அரங்கங்களில் கூட்டத்தின் இரைச்சல் ஆட்டத்தின் பாதியை விழுங்கிவிடும். இங்கே தற்காப்பு ஆட்டக்காரர் கோல்காவலரைத் திட்டுவது, கோல்காவலர் பதில் சொல்வது, பயிற்சியாளர் இருவரையும் சேர்த்துத் திட்டுவது எல்லாம் சுத்தமாகக் காதில் விழுகின்றன. காற்பந்தைக் காதால் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளி இல்லை.

இடத்தேர்வையும் மெச்ச வேண்டும். எல்.ஆர்.டி. நிலையம் நடக்கிற தூரத்தில். ஆகவே, ‘வர வழியில்லை’ என்ற சாக்கு யாருக்கும் கிடையாது. வராதவர்கள் மனமுவந்துதான் வராமல் இருக்கிறார்கள். யு.கே.எம்.மின் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனையும் அதே வட்டாரத்தில்தான். 89-ஆவது நிமிடத்தில் கோல் வாங்கும் பழக்கமுள்ள குழுவின் ரசிகர்களுக்கு இவ்வளவு முன்யோசனையோடு ஏற்பாடு செய்த நகரம் உலகில் வேறு எங்கே இருக்கிறது?

ஒருநாள் மாலை, வாசலில் கச்சாங் பூத்தே விற்றுக்கொண்டிருந்த பெரியவரிடம் கடலை வாங்கினேன். பொட்டலங்கள் தட்டில் அடுக்கியது அடுக்கியபடியே இருந்தன. மேலே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

“வியாபாரம் எப்படிண்ணே?”

“மழை வந்தா நல்லாருக்கும் தம்பி.”

“மழை வந்தா கூட்டம் வராதே?”

“மழையினால வரலன்னு சொல்லிக்கலாம்ல.”

அரங்க நிர்வாகம் பற்றிய கருத்தரங்குகளில் இவரைப் பேச அழைக்கலாம்.

இந்த அடக்கம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. பெரிய இடத்துப் பிள்ளைகள் அடங்கி வாழக் கற்றுக்கொள்ளக் காலம் பிடிக்கும். செராஸில் ஆடும் நம் நகரக் குழு பிறந்து வளர்ந்தது மெர்டேக்கா அரங்கத்தில். துங்கு அப்துல் ரஹ்மான் கேட்டார் என்பதற்காகப் பொதுப்பணித் துறையின் ஸ்டான்லி ஜூக்ஸ் ஓராண்டுக்குள் கட்டி முடித்த அரங்கம் அது. கூரை வளைவுகளையும், அந்தக் காலத்தில் உலகிலேயே உயரமானவை என்று சொல்லப்பட்ட கான்கிரீட் விளக்குக் கோபுரங்களையும் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். 1957 ஆகஸ்டு 30-இல் திறந்தார்கள். மறுநாள் காலை துங்கு அங்கே நின்று ஏழு முறை ‘மெர்டேக்கா’ என்று முழங்கினார். ஒரு நாடும் ஒரு புல்தரையும் அடுத்தடுத்த நாளில் பிறந்தன. 1975 மே மாதம் சிலாங்கூர் அணியின் மொக்தார் டஹாரி ஆர்சனலுக்கு எதிராக இரண்டு கோல் போட்டது அங்கே. அதே ஆண்டு ஜூலை 1-இல் முகமது அலி, ஜோ பக்னரை 15 சுற்று துரத்தித் துரத்திக் குத்தியது அங்கே. 1980-இல் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றதும் அங்கேதான். வலைக்கு முன்னால் நின்றவர் ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகம். தகுதி பெற்ற பிறகு நம் அரசாங்கம் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்துவிட்டது. விளையாடி வெல்வது யாராலும் முடியும். வென்றுவிட்டு வீட்டிலிருப்பதற்கு ஒரு தனிப் பக்குவம் வேண்டும்.

மெர்டேக்கா அரங்கத்தை நிறைத்த அந்தக் கூட்டம் முழுக்கச் சிலாங்கூர் கூட்டம் என்பதைக் கவனிக்க வேண்டும். 1974 பிப்ரவரி 1-இல் கோலாலம்பூரைச் சிலாங்கூரிலிருந்து பிரித்துக் கூட்டரசுப் பிரதேசம் ஆக்கினார்கள். பிரதேசம் என்று வந்தால் அதற்கு ஒரு காற்பந்துக் குழுவும் வேண்டுமே, வந்தது. வரைபடத்தில் கோடு போட்டவர்கள் சாலை, வரி, குப்பை வண்டி எல்லாவற்றையும் கச்சிதமாகப் பிரித்தார்கள். பிரிக்ஃபீல்ட்ஸிலும் செந்தூலிலும் செராஸிலும் இருந்த அப்பாக்களின் மனசைப் பிரிக்கும் வேலையை மட்டும் குழுவின் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். 33 முறை மலேசியக் கிண்ணம் தூக்கிய சிலாங்கூரின் சிவப்பு-மஞ்சள் சட்டை இன்றும் கோலாலம்பூர் முகவரியுள்ள பல வீடுகளின் கொடியில்தான் காய்கிறது. தன் ஊரிலேயே விருந்தாளியாக இருக்கும் கலையை நம் குழு அன்றே கற்றுக்கொண்டது.

பெயர் விஷயத்தில் அது காட்டிய பணிவு தனி. முதலில் கூட்டரசுப் பிரதேசம், 1987-இல் கோலாலம்பூர், பிறகு கொஞ்ச காலம் கோலாலம்பூர் யுனைடெட், 2021 முதல் கோலாலம்பூர் சிட்டி. மான்செஸ்டரின் இரண்டு பக்கத்து ரசிகர்களும் மனம் கோணாதபடி பெயரை வைத்துப் பார்த்த ஒரே குழு நம்முடையதாகத்தான் இருக்கும்.

ஒரு காலத்தில் இந்தக் குழு கொஞ்சம் நிலை தவறியதும் உண்டு. சோவ் குவாய் லாம் பயிற்சியாளர். சிங்கப்பூரிலிருந்து ஃபாண்டி அகமதுவும் மாலெக் அவாப்பும் வந்து ஆடினார்கள். 1987, 1988, 1989 என்று மூன்று ஆண்டும் தொடர்ந்து மலேசியக் கிண்ணம், மூன்று முறையும் தோற்றுப் போனது அதே கெடா. கெடாக்காரர்களின் பொறுமைக்குத் தனிக் கட்டுரை எழுத வேண்டும். எஃப்.ஏ. கிண்ணம் 1993, 1994, 1999-இல் வந்தது. இப்படி ஜெயித்துக்கொண்டே போனால் கூட்டம் சேரும். கூட்டம் சேர்ந்தால் கழிவறை, வாகன நிறுத்தம், டிக்கெட் முகப்பு என்று தொல்லை. நல்ல வேளை, நிலைமை கை மீறவில்லை. 2014-இல் குழு மூன்றாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது.

கிண்ணத்தைப் பற்றிச் சொன்னதால் அதன் பூர்வீகத்தையும் சொல்லிவிடுகிறேன். ரப்பரும் ஈயமும் தந்த வருமானத்தில், பால்மரத்தடியில் நின்றவர்களைக் கேட்காமலே, கூட்டு மலாய் மாநிலங்கள் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு போர்க்கப்பலை வாங்கிக் கொடுத்தன. பெயர் எச்.எம்.எஸ். மலாயா. 1921-இல் அந்தக் கப்பல் இங்கே வந்தபோது, நன்றி மறவாத மாலுமிகள் காற்பந்துப் போட்டிக்கு ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதுதான் மலேசியக் கிண்ணத்தின் தொடக்கம். கப்பல் நம் காசு, கிண்ணம் அவர்கள் அன்பளிப்பு.

மெர்டேக்கா கதைக்குத் திரும்புகிறேன். 1990களில் நம் பெரியவர்களுக்கு ஒரு ஞானம் பிறந்தது. புல்தரை என்பது புல்தரை அல்ல, நகர நடுவில் சும்மா கிடக்கும் நிலம். 1998 காமன்வெல்த் போட்டிக்கு புக்கிட் ஜாலிலில் புதிய விளையாட்டு நகரம் எழும்ப வேண்டும். அதைக் கட்டித் தருகிறவர்களுக்கு மெர்டேக்காக் குன்றின் நிலத்தைக் கொடுத்துவிடலாம் என்று ஏற்பாடாயிற்று. நாட்டின் விடுதலையை அறிவித்த இடத்தில் வணிக வளாகம் கட்டுவதில் தவறு காண்பவர்களுக்கு விடுதலையும் தெரியாது, வணிகமும் தெரியாது. ஆனால் 1997-இல் நாணய நெருக்கடி வந்து காரியத்தைக் கெடுத்தது. கட்டப் பணமில்லை, அரங்கம் தப்பித்தது. இந்த நாட்டில் பழைய கட்டடங்களைக் காப்பாற்றியதற்காக ஒருவருக்கு டத்தோ பட்டம் கொடுப்பதென்றால் அந்த நெருக்கடிக்குத்தான் கொடுக்க வேண்டும். நிலம் பிறகு பி.என்.பி. முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2003-இல் அரங்கத்தைத் தேசியப் பாரம்பரியச் சின்னம் என்றார்கள். பழுது பார்த்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்ததற்காக 2008-இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அந்த வேலை நல்ல வேலை. அதே குன்றில் இப்போது 118 மாடி, 678.9 மீட்டர், உலகில் இரண்டாவது உயரமான கட்டடம் நிற்கிறது. செராஸின் எந்த மேட்டிலிருந்து பார்த்தாலும் தெரிகிறது. நம் குழுவின் பழைய வீட்டைக் கண்டுபிடிக்க இனி யாருக்கும் வழிகாட்டி வேண்டாம்.

ஷா ஆலாமில் இன்னும் விசாலமான மனம். 1994-இல் திறந்து, 80,372 பேர் உட்காரக் கட்டிய அரங்கத்தை முதலில் மூடிவைத்தார்கள். பிறகு 2024-இல் இடிக்கத் தொடங்கினார்கள். வரப்போவதில் இருக்கை ஏறத்தாழ பாதிதான். முப்பது வருடம் என்பது நம் ஊரில் ஒரு வீட்டுக் கடனின் வயது. கடன் தீரும் நேரத்தில் வீட்டை இடித்துவிடும் துணிச்சல் எல்லா மாநிலத்துக்கும் வாய்க்காது.

இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் செராஸ் அரங்கத்தின் மகிமை புரியும். அதை யாரும் இடிக்கவில்லை. யாரும் விருது கொடுக்கவில்லை. அங்கே எந்தத் தலைவரும் எதையும் ஏழு முறை முழங்கவில்லை. பெரிய ஆட்டம் என்று ஒன்று வந்துவிட்டால் நம் ஆட்கள் அதைத் தொந்தரவு செய்யாமல் வேறு இடத்துக்குப் போய்விடுகிறார்கள்.

2021-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பருவம்தான் சூப்பர் லீக்குக்கு மறுபடி ஏறி வந்திருந்தது நம் குழு. 2017-இல் ஏறி, 2019-இல் இறங்கி, ஏறி இறங்கும் பயிற்சி நிறைய இருந்தது. போஜான் ஹோடாக் என்ற குரோஷியர் பயிற்சியாளர். நவம்பர் 30-இல் மலேசியக் கிண்ண இறுதி ஆட்டம். எதிரே ஜோகூர் டாருல் தாசிம். லீக் பட்டத்தை 2014 முதல் வேறு எவர் கையிலும் கொடுக்காமல், ‘யார் ஜெயிப்பார்களோ’ என்ற படபடப்பிலிருந்து மலேசியர்களை விடுவித்த புண்ணியவான்கள். அன்று ஸாஃப்ரி யாஹ்யா ஒன்று, தலைவர் பாலோ ஜோசுவே ஒன்று, 2-0. 32 ஆண்டுக்குப் பிறகு கிண்ணம் கோலாலம்பூருக்கு வந்தது. ஆட்டம் நடந்தது புக்கிட் ஜாலிலில். மறுநாள் பார்த்தால், கோலாலம்பூர் ரசிகராகப் பிறக்காதவர் இந்த நகரத்தில் ஒருவர்கூட இல்லை. இத்தனை பேரும் இத்தனை காலம் செராஸில் எந்த நாற்காலிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

அடுத்த ஆண்டு இன்னும் மோசம். குழு ஏ.எஃப்.சி. கிண்ணத்தின் இறுதி ஆட்டம் வரைக்கும் போய்விட்டது. 2022 அக்டோபர் 22, எதிரே ஓமானின் அல்-சீப், இடம் மறுபடி புக்கிட் ஜாலில். 0-3 என்று தோற்று, ஆசியா முழுக்கப் பெயர் பரவும் அபாயத்திலிருந்து ஒருவாறு மீண்டோம். ஹோடாக் 2023-இல் பண்டுங்கின் பெர்சிப் குழுவுக்குப் போய், அங்கே இரண்டு பருவம் அடுத்தடுத்து இந்தோனேசிய லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். நாம் வளர்த்து அண்டை நாட்டுக்கு அனுப்பி வைக்கும் பெருந்தன்மையை என்னவென்று சொல்வது!

ஆட்டக்காரர்களைப் பணத்தாசை பிடிக்காமல் பாதுகாப்பதில் மலேசியக் காற்பந்துக்கு உலகில் ஒரு தனி இடம் உண்டு. சம்பள நிலுவை என்ற செய்தி நம் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் வானிலை அறிக்கை மாதிரி வந்துகொண்டிருக்கிறது. நம் குழுவின் பெயரும் அதில் அடிபட்டதுண்டு. இருந்தும் பையன்கள் ஓடினார்கள். இங்கே ஒரு வரி மட்டும் நேராகச் சொல்லிவிடுகிறேன்: வாடகைக்குக் கடன் வாங்கிய ஒருவன் 90 நிமிடம் ஓடி முடித்து, காலியான வரிசைகளைப் பார்த்துக் கைதட்டிவிட்டுப் போவதைக் கண்டால் சிரிப்பு வராது. சரி, பாராட்டுக்குத் திரும்புவோம்.

அரங்கத்தைக் காலியாக விடும் கலையில் நம்மவர்களும் சளைத்தவர்கள் அல்ல. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் குழு, கீழ்ப் பிரிவில் தொடங்கி ஏறி வந்து, 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் நின்றது. கெலானா ஜெயா அரங்கில் தமிழ்ப் பெயர்கள் ஒலிபெருக்கியில் வரிசையாக வந்தன. பிற்பாடு வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரும் இல்லாமல், உள்ளூர்ப் பையன்களை மட்டும் வைத்து, பி. மணியத்தின் பயிற்சியில் முதல் பிரிவில் தாக்குப்பிடித்தார்கள். 2022 பருவத்தோடு குழு விலகிக்கொண்டது. ‘நம் பிள்ளைகளுக்கு விளையாட்டில் இடமில்லை’ என்று ஆண்டுக் கூட்டங்களில் தீர்மானம் போடுவதை நாம் நிறுத்தவில்லை. இடம் இருந்த நான்கு வருடமும் தீர்மானம் போட்டவர்களுக்குக் கல்யாண மாதம் போலிருக்கிறது. அரங்கத்துப் பக்கம் அதிகமாகத் தென்படவில்லை.

குழுக்கள் காணாமல் போவது இங்கே மட்டும் அல்ல. அமெரிக்காவில் பேஸ்பால் விளையாட்டுக்குச் சின்னச் சின்ன ஊர்களில்கூட அரங்கமும் குழுவும் உண்டு. பெரிய குழுக்களுக்கு ஆள் தயாரித்துக் கொடுக்கும் கீழ்நிலை லீக்குகள் அவை. 2020 முடிந்ததும் மேலிடத்தில் கணக்குப் போட்டு, 160 குழுக்கள் இருந்த அமைப்பை 120 ஆக்கினார்கள். ஒரே வெட்டு. ஊர்க்காரர்கள் கொதித்தார்கள், அரசியல்வாதிகள் கடிதம் எழுதினார்கள். நமக்கு அந்த முரட்டுத்தனம் கிடையாது. இங்கே யாரும் எதையும் வெட்டுவதில்லை. உரிமம் புதுப்பிக்கும் மாதம் வரும்போது ஒவ்வொரு குழுவாகத் தானே உதிர்கிறது. 2025-இல் பேராக் விலகியது, கெடாவுக்கு உரிமம் கிடைக்கவில்லை. கெடா, நினைவிருக்கிறதா? மூன்று முறை நம்மிடம் தோற்றும் மறு வருடம் திரும்பி வந்த அதே கெடா. மூன்று இறுதி ஆட்டத்தால் முடியாததை ஒரு கணக்குப் புத்தகம் செய்து முடித்தது.

ஆக, செராஸ் அரங்கம் காலியாக இருப்பதை வைத்து, நம் மக்களுக்குக் காற்பந்து ஆர்வம் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வார இறுதியில் பண்டார் துன் ரசாக் மாமாக் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். நாற்காலி போதாமல் ஐந்தடிப் பாதை வரைக்கும் மேசை. திரையில் இங்கிலீஷ் லீக். கூரை உண்டு, மின்விசிறி உண்டு, மேகி கோரெங் உண்டு. நள்ளிரவைத் தாண்டியும் கண் சிவக்க உட்கார்ந்திருக்கும் பையன்களில் பாதிப் பேர், பொடிநடையாக எட்டிவிடும் அரங்கத்துக்குள் ஒரு தடவைகூடக் காலெடுத்து வைத்ததில்லை. லிவர்பூலின் மூன்றாவது கோல்காவலர் பெயர் அவர்களுக்குத் தெரியும். பாலோ ஜோசுவே எதிரே வந்து தண்ணீர் கேட்டால், வழி தவறி வந்தவர் என்று நினைப்பார்கள். திரையில் கோல் விழுந்ததும் செராஸே எழுந்து நிற்கிறது. திரையில் ஓடுகிற ஆட்டக்காரர்களுக்கு வாரம் தவறாமல் சம்பளம் போகிறது. மாதாமாதம் நாம் கட்டும் தொலைக்காட்சிச் சந்தாவிலும் குடிக்கும் தே தாரிக்கிலும் அதற்கு ஒரு பங்கு இருக்கிறது. கப்பலுக்குக் கொடுத்த கை அல்லவா, தயங்காமல் கொடுக்கிறது. அந்தக் காலத்து வெள்ளைக்காரன் பதிலுக்கு ஒரு கிண்ணமாவது தந்தான்.